பாட்டுகளை இழைப்பது: நடுவில் விழும் பள்ளமும் சேகாவுக்கு மாறும் இடமும்

அந்திப்பள்ளி (ரோஸ் ஹில்)

எல்லாருக்கும் வணக்கம். கோவிலோடு சேர்ந்த எங்கள் மாலைத் தமிழ்ப் பள்ளியில் வருஷப் பிறப்பு விழாவுக்குப் பிள்ளைகள் ஆட ஒரு தொகுப்பு இசை செய்துகொண்டிருக்கிறேன். ஐந்து துண்டுகள்: தொடக்கத்தில் நாதஸ்வரம், அப்புறம் கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு ஒன்று, இப்போதைய குத்துப்பாட்டு ஒன்று, ஒரு சேகா (நம் மொரீஷியஸின் நாட்டுப்புற ஆட்டப்பாட்டு), கடைசியில் தவில். மொத்தம் 11 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டினால் சின்னப் பிள்ளைகளும் தாங்க மாட்டார்கள், முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களும் தாங்க மாட்டார்கள்.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில்தான் செய்கிறேன். முடிகிற பாட்டின் கடைசி எட்டு வினாடிக்கு ஃபேட் அவுட் (சத்தம் மெல்ல இறங்குவது), தொடங்குகிற பாட்டின் முதல் எட்டு வினாடிக்கு ஃபேட் இன் (மெல்ல ஏறுவது) கொடுத்து, அந்த எட்டு வினாடியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைக்கிறேன். இரண்டு தொல்லை இருக்கிறது. இணைகிற இடத்தின் நடுவில் சத்தம் இறங்கி மறுபடி ஏறுகிறது. இரண்டு பாட்டும் சேர்ந்து ஓடும்போது சத்தம் கூடத்தானே வேண்டும்? இன்னொன்று, குத்துப்பாட்டிலிருந்து சேகாவுக்கு மாறும்போது பிள்ளைகளின் கால் தடுமாறுகிறது. பெரிய பிள்ளைகளுக்கும் அப்படித்தான். வேகம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று காதுக்குத் தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

காவேரிக்கரை (எபேன்)

டீச்சர், பள்ளத்துக்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. ஆடாசிட்டியின் சாதாரண ஃபேட் நேர்க்கோடாக இறங்கும். நடுப்புள்ளியில் ஒவ்வொரு பாட்டும் பாதி உயரத்தில் இருக்கும், அதாவது 6 டெசிபெல் குறைவாக. பாதியும் பாதியும் ஒன்றுதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இரண்டு வேறு பாட்டுகளின் அலைகள் மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் சேராது. அங்கே கூடுவது ஆற்றல். ஆற்றல் உயரத்தின் வர்க்கம், ஆகவே 0.25 + 0.25 = 0.5. நடுவில் மொத்தம் 3 டெசிபெல் குறைந்துவிடுகிறது. உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது.

ஃபேட் இன், ஃபேட் அவுட் இரண்டையும் விட்டுவிடுங்கள். முடிகிற பாட்டு மேல் டிராக்கிலும் தொடங்குகிற பாட்டு கீழ் டிராக்கிலும் இருக்கட்டும். கிளிப்பின் மேல்பட்டையைப் பிடித்து இழுத்து, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற பகுதியை மட்டும் இரண்டு டிராக்கிலும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் ஃபேடிங் என்பதற்குள் உள்ள கிராஸ்ஃபேட் டிராக்ஸைத் திறங்கள். அங்கே கான்ஸ்டன்ட் கெயின், கான்ஸ்டன்ட் பவர் என்று வளைவு வகைகள் இருக்கும். உங்களுக்கு வேண்டியது கான்ஸ்டன்ட் பவர். அதில் நடுப்புள்ளியில் ஒவ்வொன்றும் 0.707 உயரத்தில் நிற்கும். வர்க்கித்தால் பாதி பாதி, கூட்டினால் ஒன்று. பள்ளம் இருக்காது.

ஒரே பாட்டின் இரண்டு பகுதிகளை ஒட்டும்போது மட்டும் இது தலைகீழ். பல்லவி திரும்ப வருகிற இடத்தில் ஒரு சரணத்தை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டினால், இரண்டு பக்கமும் அலை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வாய்ப்புண்டு. அப்போது கான்ஸ்டன்ட் பவர் கொடுத்தால் நடுவில் 3 டெசிபெல் வரை மேடு எழும்பும். அங்கே கான்ஸ்டன்ட் கெயின் போதும்.

ஒலிப்பெட்டி (போ பாசேன்)

வளைவைப் பிறகு பார்க்கலாம். எட்டு வினாடி எதற்கு? நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் எட்டு வினாடி என்றால் 16 தட்டு. அந்த 16 தட்டும் இரண்டு தாள வாத்தியக் கூட்டம் ஒரே மேடையில் சண்டை போடும். எந்த வளைவு கொடுத்தாலும் சண்டை சண்டைதான்.

கல்யாண மண்டபங்களில் ஒலி போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆட்டத்துக்கான தொகுப்பில் நீண்ட கிராஸ்ஃபேட், அதாவது இழைப்பு, வேண்டவே வேண்டாம். சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் அடியில், வெட்டு, சமத்தில் ஒட்டு. வெட்டிய இடத்தில் டிக் என்று ஒரு சத்தம் வராமல் இருக்க 10, 20 மில்லிசெகண்ட் இழைத்தால் போதும். வெட்டும் முன் ஆங்கில எழுத்து இசட்டை அழுத்துங்கள், தேர்வின் ஓரம் அலை சுழியைத் தொடும் இடத்துக்கு நகரும். பெரிய கிராஸ்ஃபேட் எல்லாம் இரவு உணவுக்குப் பின்னணியில் ஓடும் மெல்லிசைக்கு.

அந்திப்பள்ளி

இரண்டு பேருக்கும் நன்றி. கான்ஸ்டன்ட் பவர் கொடுத்துப் பார்த்தேன், நாதஸ்வரத்திலிருந்து பழைய பாட்டுக்குப் போகிற இடத்தில் குழி போய்விட்டது. ஆனால் அண்ணா, சமத்தில் வெட்டினால் ரேடியோ பெட்டியில் ஸ்டேஷன் மாற்றுவது போல இருக்காதா? பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

ஒலிப்பெட்டி

எந்தச் சமம் என்பதில்தான் இருக்கிறது. பாட்டு நடுவில் எங்கோ ஒரு சமத்தில் வெட்டினால் அப்படித்தான் இருக்கும். சரணம் முடிந்து பல்லவி திரும்பும் இடம், பாடகர் வரியை முடித்து மூச்சு எடுக்கும் இடம், தாள வாத்தியம் ஒரு உருட்டு உருட்டி வந்து விழும் இடம், இவற்றில் வெட்டுங்கள். அங்கே கேட்பவர் ஏதோ புதிதாக வரப்போகிறது என்று ஏற்கெனவே காத்திருப்பார். வேறு பாட்டு வந்தாலும் சரி என்று எடுத்துக்கொள்வார். தவிலில் தீர்மானம் என்ற முடிப்புக் கோவை மூன்று முறை வந்து சமத்தில் விழுகிறதே, அதைவிட நல்ல வெட்டுமிடம் உலகத்தில் கிடையாது.

காவேரிக்கரை

ஆட்டத்துக்கு வெட்டு நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா இடத்துக்கும் அதுவே என்றால் ஒப்ப மாட்டேன். டீச்சரின் முதல் இணைப்பையே பாருங்கள். நாதஸ்வரத்தில் கடைசி ஸ்வரம் நீண்டு நிற்கிறது, தவில் ஓய்ந்துவிட்டது. ஒரு பக்கம் தாளமே இல்லை. அங்கே நான்கைந்து வினாடி இழைத்தால் அழகாக இருக்கும். வெட்டினால்தான் குரூரம்.

அந்த இடத்தில் கவனிக்க வேண்டியது சுருதி. நாதஸ்வரம் இரண்டரைக் கட்டையில் நீண்டு நிற்கும்போது அதன் மேல் இரண்டு கட்டைப் பாட்டு ஏறினால், இழைப்பு எவ்வளவு மென்மையாக இருந்தாலும் பல் கூசும். சேஞ்ச் பிட்சில் போய்ப் பாட்டை ஒரு செமிடோன், அதாவது அரைக் கட்டை, ஏற்றலாம். பழைய பதிவுகள் பெரும்பாலும் எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராது. 0.3, 0.4 என்று பின்னமாகவும் கொடுக்கலாம். காதால் ஒத்துப் பாருங்கள், திரையில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம்.

வேகம் மாற்றும்போதும் இதை மறக்கக் கூடாது. சேஞ்ச் ஸ்பீட் வேகத்தோடு சுருதியையும் தூக்கும். 6 விழுக்காடு வேகம் கூட்டினால் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். சுருதி அப்படியே இருக்க வேண்டும் என்றால் சேஞ்ச் டெம்போ. அதையும் ஐந்தாறு விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் தோல் வாத்தியங்களின் அடி மழுங்கிக் கேட்கும். தவிலில் உடனே தெரிந்துவிடும்.

ரவான்ரசிகன் (வாக்வா)

டீச்சர் கேட்ட இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன். சின்ன வயசிலிருந்து ரவான் (சேகாவுக்கு அடிக்கும் வட்டத் தோல் வாத்தியம்) அடிக்கிறேன், அப்பா பக்கம் தவில்காரர்கள்.

சேகா திஸ்ர நடை. மேல்நாட்டு எழுத்தில் 6/8. ஒவ்வொரு பெரிய தட்டுக்குள்ளும் மூன்று சிறு அடி. உங்கள் குத்துப்பாட்டு எது என்று தெரியவில்லை. அது 4/4 ஆக இருந்தால், தட்டுக்குள் இரண்டும் நான்குமாகப் பிரியும். வேகம் ஒன்றாக இருக்கலாம், ஆனால் பிள்ளையின் கால் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவிலும் அசைகிறது. அங்கே நான்காகப் பழகிய கால் திடீரென்று மூன்றைச் சந்திக்கிறது. தடுமாறாமல் என்ன செய்யும்?

முதலில் பெரிய தட்டு இரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள். கையால் தாளம் போட்டு 16 தட்டுக்கு எத்தனை வினாடி என்று எடுங்கள். 960-ஐ அந்த வினாடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று வரும். சேகாவில் சிறு அடியை எண்ணிவிடாதீர்கள், கால் மண்ணில் பதிகிற அடியை எண்ணுங்கள். மென்பொருள் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும் எண் சேகாவில் பல தடவை ஒன்றரை மடங்காக வரும், மூன்றை இரண்டாக எடுத்துக்கொள்வதால். குத்துப்பாட்டு 104, சேகா 110 என்றால் குத்துப்பாட்டைக் கொஞ்சம் தூக்கலாம், 6 விழுக்காட்டுக்குள்தான் வருகிறது. சேகாவை இழுக்காதீர்கள். மெதுவாக்கிய சேகாவில் மரவான் என்ற குலுக்குப் பெட்டியின் உரசல் மணலை வாரிக் கொட்டுகிற சத்தமாகிவிடும்.

எண் ஒத்த பிறகும் நடை ஒக்காது. அதற்கு எளிய வழி, குத்துப்பாட்டையே மாற்றுவது. நம் நாட்டுப்புறத் தாளத்தில் எழுந்த சினிமாப் பாட்டுகள் நிறைய 6/8-இல்தான் ஓடுகின்றன. தெம்மாங்குச் சாயலில் ஒன்றை எடுங்கள். அதன் பக்கத்தில் சேகாவை வைத்தால் கால் ஒரு சிறு அடியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. இழைத்தாலும் நன்றாக இருக்கும், வெட்டினாலும் நன்றாக இருக்கும். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சேகா தொடங்கினால் பாட்டிமார் கும்மி ஆட்டத்தையே அதில் ஆடிவிடுவார்கள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்திப்பள்ளி

குத்துப்பாட்டை மாற்ற முடியாது. பிள்ளைகள் அதற்காகத்தான் பயிற்சிக்கே வருகிறார்கள். அது 4/4 தான்.

ரவான்ரசிகன்

அப்படியென்றால் தவிலைக் கடைசியில் வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள். நல்ல தவில் தனியில் சதுஸ்ரத்தில் (தட்டுக்கு நான்கு அடி) தொடங்கி நடை மாற்றித் திஸ்ரத்துக்கு வருவார்கள். உங்களிடம் உள்ள பதிவில் அந்த இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். குத்துப்பாட்டு ஒரு சமத்தில் முடியட்டும், தவில் அதே வேகத்தில் சதுஸ்ரத்தில் எடுக்கட்டும். எட்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) கழித்து நடை மாறும். திஸ்ரத்தில் தீர்மானம் வைத்து விழும் சமத்தில் சேகாவின் முதல் அடி. அந்தச் சமத்தில் ஒலிப்பெட்டி அண்ணன் சொன்ன மாதிரி வெட்டுதான், இழைப்பு இல்லை.

பதிவில் அப்படி இடம் இல்லையென்றால் சொல்லுங்கள். நானும் என் சித்தப்பாவும் ஒரு மாலை உட்கார்ந்து போனிலேயே பதிந்து தருகிறோம். ரவானைத் தீயில் காட்டித் தோல் இறுகிய பிறகுதான் அடிப்போம், அதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் வேண்டும்.

தென்தீவான் (சேன் ஆந்த்ரே, ரெயூனியன்)

பக்கத்துத் தீவிலிருந்து ஒரு எட்டிப்பார்ப்பு. இங்கே எங்கள் நாட்டுப்புற இசையான மலோயாவும் 6/8 தான், அதன் வாத்தியங்களான கயாம்பும் ருலேரும் அதே அலையில்தான் ஆடுகின்றன. சேகாவுக்கு அடுத்து ஒரு மலோயா சேர்த்தால் நடைத் தொல்லை வராது என்று சொல்லவே வந்தேன். யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் மலோயா 2009-இலேயே ஏறிவிட்டது, உங்கள் சேகா 2014-இல்தான் வந்து சேர்ந்தது என்பதையும் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

ரவான்ரசிகன்

பட்டியலில் ஏற வரிசையில் முதலில் நின்றவர்தான் முதலில் ஆடினார் என்று யார் சொன்னது?

காவேரிக்கரை

தவிலை நடுவில் வைக்கும் யோசனை அருமை. பெரியவர்களுக்குக் கடைசியில் மங்கலமாக முடிய வேண்டும் என்றிருந்தால் தவில் பதிவை இரண்டாக வெட்டிக்கொள்ளலாம். நடை மாறும் பகுதி நடுவுக்கு, முத்தாய்ப்புப் பகுதி கடைசிக்கு.

ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். தவில் நேரடிப் பதிவு. கடிகாரம் வைத்து வாசிக்கவில்லை, உற்சாகத்தில் வேகம் கூடிக்கொண்டே போகும். 3.4 பதிப்பிலிருந்து, அதாவது 2023 கடைசியிலிருந்து, ஆடாசிட்டியில் தாளக் கட்டங்கள் வந்துவிட்டன. கணினியில் செய்த பாட்டுக்கு அது நன்றாக உதவும். தவிலுக்கு உதவாது. பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு சமத்திலும் கண்ட்ரோலும் எம்மும் சேர்த்துத் தட்டுங்கள். தட்டிய இடத்தில் அடையாளச் சீட்டு விழும். நம் கை எப்போதும் கொஞ்சம் பிந்தும். அப்புறம் பெரிதாக்கிப் பார்த்து, அலை செங்குத்தாக எழும் இடத்துக்குச் சீட்டை நகர்த்திக்கொள்ளுங்கள். வெட்ட வேண்டிய சமமும் அதற்கு முந்தைய இரண்டு மூன்று சமமும் போதும், எல்லாவற்றுக்கும் செய்து கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

புதுமுகம்7

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நானும் பிறந்தநாளுக்கு ஒரு மிக்ஸ் செய்கிறேன். கிராஸ்ஃபேட் கொடுத்துச் சேமித்து மூடிவிட்டேன். இன்று திறந்து மாற்றப் பார்த்தால் அண்டூ வேலை செய்யவில்லை. பழைய பாட்டு போய்விட்டதா?

ஒலிப்பெட்டி

அந்தத் திட்டத்தில் போய்விட்டது தம்பி. எஃபெக்ட் ஒலியையே மாற்றி எழுதும், மூடியதும் அண்டூ வரலாறும் அழியும். மூலப் பாட்டை மறுபடி இறக்கிக்கொள். இனி இழைப்பதற்கு என்வலப் கருவியைப் பழகு, எஃப்2 அழுத்தினால் வரும். டிராக்கின் மேல் புள்ளிகள் வைத்துச் சத்தத்தைக் கையால் வளைக்கலாம். ஒலி மாறாது, கோடு மட்டும்தான் மாறும், திட்டத்தோடு சேமியும். அடுத்த மாதம் திறந்தாலும் நகர்த்தலாம். நடுவில் இரண்டு பக்கமும் 0.7 உயரத்தில் ஒரு புள்ளி வைத்தால் காவேரிக்கரை சொன்ன கான்ஸ்டன்ட் பவருக்கு ஏறக்குறைய வந்துவிடும்.

புதுமுகம்7

நன்றி அண்ணா. ஆடாசிட்டிதான் நல்லதா, வேறு எதாவது?

காவேரிக்கரை

ரீப்பரில் இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று நகர்த்தினாலே கிராஸ்ஃபேட் தானாக விழும், மூல ஒலியும் மாறாது. இந்த வேலைக்கு அது இன்னும் வசதி. 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், பிறகு காசு. நேரலையாக மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்றால் மிக்ஸ் (Mixxx) என்றொரு இலவச டீஜே மென்பொருள் இருக்கிறது, அதன் தானியங்கி முறையே இழைத்துக்கொண்டு போகும். ஒரு பிறந்தநாளுக்கு ஆடாசிட்டி போதும்.

ஒலிப்பெட்டி

டீச்சர், சத்த அளவு பற்றி யாரும் பேசவில்லை. கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு மோனோ (ஒற்றைத் தட ஒலி), மெலிந்த சத்தம். இப்போதைய குத்துப்பாட்டு கூரைவரை நிரப்பிய சத்தம். இழைப்பதற்கு முன்பே எல்லாத் துண்டையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். சாதாரண நார்மலைஸ் உச்சியை மட்டும் பார்க்கும், காதுக்கு எவ்வளவு சத்தம் என்று பார்க்காது. லவுட்னஸ் நார்மலைசேஷன் என்று தனியாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். (காது உணரும் சத்தத்தின் அளவு) கொடுங்கள். மோனோ பாட்டு இருப்பதால் அதிலுள்ள இரட்டை மோனோ பெட்டியில் டிக் இருக்கட்டும். அதன் பிறகும் பழைய பாட்டு மெலிவாகப் பட்டால் காதுக்கு ஏற்றபடி இன்னும் கொஞ்சம் தூக்குங்கள்.

இரண்டு பாட்டும் சேர்ந்து ஓடும் இடத்தில் மீட்டர் சிவப்பைத் தொட்டால் பயப்பட வேண்டாம். உள்ளே 32 பிட் மிதவை எண்களில் ஓடுவதால் அங்கேயே ஒலி உடைந்துவிடாது. ஆனால் அப்படியே ஏற்றுமதி செய்தால் உடைந்துவிடும். எல்லா டிராக்கின் சத்தத்தையும் ஒரே அளவு குறைத்துவிட்டு, கடைசியில் உச்சியை அடக்கும் லிமிட்டரில் மைனஸ் 1 டெசிபெல் வைத்து எடுங்கள்.

அந்திப்பள்ளி

தவில் பதிவில் நடை மாறும் இடம் இருக்கிறது! ஆனால் அதற்கு முன்னால் தவில் 98-இல் ஓடுகிறது, குத்துப்பாட்டு 104. ரவான்ரசிகன் தம்பி, எதை எதற்கு இழுப்பது? அப்புறம், நடுவில் ஒரு பிள்ளை தமிழிலும் கிரெயோலிலும் வாழ்த்துச் சொல்ல வேண்டும், பின்னணியில் இசை தணிந்து ஓட வேண்டும்.

ரவான்ரசிகன்

தவிலை இழுக்காதீர்கள் அக்கா. குத்துப்பாட்டு முடிந்து ஒரே ஒரு ஆவர்த்தனம் கைதட்டல் மட்டும் வையுங்கள், பிள்ளைகளையே தட்டச் சொல்லிப் பதியலாம். அந்த நான்கு தட்டும் 104-இல் தொடங்கி 98-இல் முடியட்டும். மனிதக் கை தட்டுவதால் வேகம் தளர்வது இயல்பாக இருக்கும். சேகாவுக்குள் போகும்போது தவிலின் வேகம் தானே ஏறியிருக்கும், நீங்களே எண்ணிப் பாருங்கள்.

காவேரிக்கரை

வாழ்த்துக்கு ஆட்டோ டக். இசை டிராக்கைத் தேர்ந்தெடுத்து, குரல் டிராக்கை அதற்கு நேர் கீழே, தேர்வு செய்யாமல் வையுங்கள். குரல் வரும்போது இசை தானாக 12 டெசிபெல் தணியும். குழந்தைக் குரல் என்றால் அது போதாமல் போகலாம், 15 கொடுத்துப் பாருங்கள். தவில் தனி நடக்கும்போது வாழ்த்தை வைக்காதீர்கள், பழைய பாட்டின் இடையிசையில் வையுங்கள்.

ஒலிப்பெட்டி

விழாவுக்கு வெளியாள் வருவார்கள் என்றால், பொது இடத்தில் பாட்டு ஒலிக்க மாசாவின் (மொரீஷியஸ் படைப்பாளர் உரிமைச் சங்கம்) அனுமதி வேண்டுமா என்று மண்டபக்காரரிடம் கேட்டுவிடுங்கள். பல மண்டபங்களில் அது வாடகையோடு வருவதில்லை.

மண்டபத்துக்கு வேவ் கோப்பாகக் கொண்டுவாருங்கள். இடையில் எதையும் எம்.பி.3 ஆக்கி மறுபடி திறந்து ஒட்டாதீர்கள். எம்.பி.3 தொடக்கத்தில் சிறு மௌனத்தைச் சேர்க்கும், சமம் நகர்ந்துவிடும். பென் டிரைவில் ஒன்று, போனில் ஒன்று. 11 நிமிடமும் ஒரே கோப்பாக இருக்கட்டும், ஐந்து கோப்பாகக் கொடுத்தால் ஒலிக்காரர் தன் பிளேயரின் கிராஸ்ஃபேடைப் போட்டு எல்லாவற்றையும் குழப்புவார். நிறைய மண்டபங்களில் ஒலிபெருக்கி மோனோவாகத்தான் ஓடும், வீட்டிலேயே மோனோவாக்கி ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். விழாவுக்கு முதல் நாள் மாலை நாற்காலி போடுகிற நேரத்தில் மண்டபத்தில் போட்டுக் கேட்க அனுமதி வாங்குங்கள். அந்தக் கைதட்டல் இடம் பின்வரிசைவரை கேட்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.